எண்ணெய் வைக்காத தலை

கிட்ட வந்து உக்காரு ராசா, அம்மா ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று காலையிலேயே முடிவு பண்ணி வைத்திருந்தேன். ஆனால் போனில் இருக்கிறவனைக் கிட்ட வந்து உக்காரு என்றால் எங்கே உட்காருவான். அவன் சாத்தூரில் இருக்கிறான், நான் ஒட்டன்சத்திரத்தில் பாப்பாத்தி வீட்டு அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிறேன். போன் ஜன்னல் கட்டையில் கிடக்கிறது. தீபாவளியன்றைக்கு மகன் கூப்பிடாமல் இருக்க மாட்டான், கூப்பிட்டதும் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் இன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. ராசா, ஒங்கப்பா. ராசா, ஒங்கப்பன். எப்படிச் சொன்னாலும் அந்தச் சொல்லிலேயே நாக்கு நின்றுவிடுகிறது, தறியில் நூல் அறுந்த மாதிரி. வெளியே பிள்ளைகள் ஓலை வெடி போடுகிறார்கள். சாத்தூரில் இந்நேரம் சரவெடி போட்டு முடித்திருப்பார்கள். என் மகள் முத்துச்செல்விக்கு இது தலை தீபாவளி. மாப்பிள்ளையோடு அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறாள், மனையில் உட்கார்ந்து எண்ணெய்க்குத் தலையைக் குனிந்திருப்பாள், பெற்றவள் எங்கே என்று யாராவது கேட்டால் எங்கம்மாவுக்கு அம்மை போட்டிருக்கு என்று சொல்லியிருப்பாள். பாவி, அந்தப் பிள்ளை வாயாலும் பொய் சொல்ல வைத்துவிட்டேன். புளியில் ஒரு கொட்டை கிடந்து கையில் நெருடுகிறது. இந்த அடுப்படி சின்னது, இரண்டு எட்டு வைத்தால் சுவர். இங்கேதான் அந்த ஆள், என் புருஷன், முருங்கைக்காய் நறுக்கிக் கொடுப்பாராம். என் வீட்டில் ஒரு வெங்காயம் உரித்ததில்லை.

வேடசந்தூர் பக்கம் ஒரு மில் ஹாஸ்டலில் நான் சமையல்காரி. ஹாஸ்டலுக்குக் காய் வருவது இந்த ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்துதான். புரட்டாசி கடைசியில் ஒரு நாள் லோடு இறக்க வந்த டிரைவர், முட்டைக்கோஸ் மூட்டையை இறக்கி வைத்துக்கொண்டே, ஏம்மா, நம்ம மார்க்கெட் வாசலில் சுக்குக் காபி விற்பாரே சாத்தூர்க்காரர், அவர் போயிட்டாரு தெரியுமா, எடுத்தாச்சு என்றான். அவனுக்கு நான் யாரென்று தெரியாது, ஊர் பேரை வைத்துச் சும்மா சொன்னான். நான் முட்டைக்கோஸை எண்ணுவதுபோல நின்றேன். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. முதலில் வந்தது என்ன தெரியுமா, என் கை கழுத்துக்குப் போயிற்று. மஞ்சள் கயிறு கிடக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். முத்துச்செல்வி கைப்பிள்ளையாக இருந்தபோது டீ மாஸ்டர் வேலை என்று இந்த ஊருக்கு வந்தவர், முதலில் பொங்கலுக்குப் பொங்கல் வந்தார், அப்புறம் வரவில்லை, பாப்பாத்தி என்று ஒருத்தியோடு இங்கேயே தங்கிவிட்டார். ஆள் வராவிட்டாலும் கயிறு கிடந்தது. வருஷா வருஷம் ஆடியில் மாற்றிக் கட்டிக்கொண்டேன், பழக்கத்தில் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி. அன்றைக்கே சாத்தூருக்குச் சொல்லியிருக்க வேண்டும். பதினாறாம் நாள் கருமாதி அப்போதும் முன்னால்தான் கிடந்தது, மகன் வந்து மொட்டை போட்டு எள்ளும் தண்ணீரும் இறைத்திருக்கலாம். சொன்னால் என்ன ஆகும். கட்டிக் கொடுத்த மகளுக்கு மூன்று நாள் தீட்டு, அது போய்விடும். மகனுக்கு ஒரு வருஷம் துக்கம். அவன் வீட்டில் எண்ணெய்ச்சட்டி ஏறக்கூடாது, அவன் தலையில் எண்ணெய் படக்கூடாது, புதுத் துணி கூடாது. அவன் வீட்டில்தான் தங்கைக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளைக்கு மோதிரம் எடுத்தாயிற்று, சம்பந்தி வீட்டுக்குத் தாம்பாளத்தோடு போய் அழைத்தாயிற்று. பிள்ளையின் ஒரு நாளை எதற்குக் கெடுக்க வேண்டும், உயிரோடு இருந்தபோது எதையும் கொடுக்காத மனுஷன் செத்தும் எதற்குப் பிடுங்க வேண்டும். அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான். ஆனால் ராத்திரி பாத்திரம் கழுவும்போது இன்னொன்று உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது. பெற்ற மகன் கையால் ஒரு சொட்டுத் தண்ணீர் வாங்காமல் போகட்டும் என்று. அதுவும் நான்தான் நினைத்தேன், வேறு யார். எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது, இன்றைக்கு வரைக்கும் பிரித்து எடுக்க முடியவில்லை. அரிசியில் கல் என்றால் பொறுக்கிவிடலாம், உப்பு என்றால் என்ன செய்வது.

சொல்லவும் இல்லை, போகவும் முடியவில்லை. போனால் மகன் என்ன செய்வான், அம்மா, மொத எண்ணெய் நீ வையி என்று கிண்ணத்தை நீட்டுவான். கழுத்தில் கயிறும் நெற்றியில் குங்குமமுமாக நிற்கிற தாய் மாட்டேன் என்று எப்படிச் சொல்வாள். வைத்தாலும், புருஷன் செத்துப்போன கையால் மகள் உச்சியில் எண்ணெய் வைத்தேன் என்று நான் சாகிற வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு ஒரு தலைவலி வந்தால்கூட நடுங்குவேன். யோசித்து யோசித்து இந்தப் பொய்யைக் கண்டுபிடித்தேன். கால் சுளுக்கு என்றால் வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு வா என்பான். அம்மை என்றால் யாரும் வர மாட்டார்கள், நானும் புதுசாகக் கல்யாணமான பிள்ளை பக்கம் போகக்கூடாது, யாரும் வருத்தப்படவும் முடியாது, ஆத்தா வந்திருக்கிறாள் என்றால் அதற்கு மேல் பேச்சு ஏது. சொல்லி முடித்தபோது ரொம்பக் கெட்டிக்காரியாக இருந்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து பயம். ஆத்தா பேரை வைத்தல்லவா சொல்லிவிட்டோம். உடம்பில் எங்கே அரித்தாலும் கொப்புளமா என்று பார்த்தேன். என் மேல் வந்தால் சரி, நான் கேட்டு வாங்கியது. மகள் மேல் இறங்கிவிட்டால்? மாப்பிள்ளை மேல்? ஹாஸ்டலில் வேறு, மகளுக்குத் தலை தீபாவளி என்று லீவு வாங்கியிருந்தேன், பிள்ளைகள் ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்கெட்டைக் கையில் திணித்து அனுப்பின. ஆக ஹாஸ்டலிலும் இருக்க முடியாது, சாத்தூருக்கும் போக முடியாது. நேற்று வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டில் ஸ்வீட் பையோடு நிற்கிறேன். ஊரே ஊருக்குப் போகிறது, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறது. எனக்கு மட்டும் ஏறுவதற்கு ஊர் இல்லை. முன்னால் ஒரு பஸ் கிளம்ப நின்றது, கண்டக்டர் ஒட்டன்சத்திரம் ஒட்டன்சத்திரம் என்று கத்தினான். ஏறிவிட்டேன். சண்டை போடவா, சாவு கேட்கவா என்று டிக்கெட் வாங்கும்போதும் தெரியாது.

மார்க்கெட் வாசலில் கேட்டதும் காட்டிவிட்டார்கள். மார்க்கெட் பூட்டிக் கிடக்கிறது, அழுகின கோஸ் இலை நாற்றம், இரண்டு மாடுகள் அதைத் தின்றுகொண்டு நிற்கின்றன, அதற்குப் பின்னால் ஓட்டு வீடு. கதவைத் திறந்தவளைப் பார்த்து, பாப்பாத்தி இருக்காளா என்று கேட்டேன். நான்தான் என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை. இத்தனை வருஷமாக நான் ஒருத்தியை மனசுக்குள் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு நீளச் சடை, பெரிய கண், மூக்கில் எட்டுக்கல் பேசரி. அவள் சமைக்க மாட்டாள், சிரித்துக்கொண்டே இருப்பாள். வாசலில் நிற்கிறவளுக்கு என்னைவிட வயசு கூட. முட்டி வீங்கி, கால் வளைந்து, முருங்கைக்காய்க் கட்டுக் கட்டிக் கட்டி விரலெல்லாம் கறுத்து. இவளுக்காகவா என்று சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டேன், அவள் நான் அழுகிறேன் என்று நினைத்து உள்ளே கூட்டிப்போனாள். வாங்கக்கா, கால் கழுவுங்க என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, ஒங்க மக சாடை என்றாள். மகளை எப்போது பார்த்தாய் என்று கேட்கவில்லை. கல்யாணத்தன்று மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் அந்த ஆள் நின்றதாக யாரோ சொன்னார்கள், நான்தான் அவர் இல்லை என்று அடித்துச் சொன்னேன். அப்போது இவளும் நின்றிருப்பாள். அவள் நெற்றியில் பொட்டு இல்லை, கையில் வளையல் இல்லை. என் கழுத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள், “கட்டின நீங்க போட்டிருக்கீங்க, கட்டாத நான் கழட்டிட்டேன். நல்லா இருக்குக்கா நம்ம கணக்கு.” சொல்லிவிட்டு இருமி இருமிச் சிரித்தாள். எனக்கு அறைய வேண்டும் போல இருந்தது. அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அப்போதே பஸ் ஏறியிருப்பேன். தண்ணீரைக் குடித்துவிட்டேன்.

இன்றைக்கு விடிந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து இட்லியும் அதிரசமும் கொடுத்து அனுப்பினார்கள். சட்டி ஏறாத வீட்டுக்கு மற்றவர்கள்தானே கொடுக்க வேண்டும். பாப்பாத்தி அதைத் தொடவில்லை, மதியத்துக்கு ரசம் மட்டும் போதுங்க்கா என்றாள், நீங்க வையுங்க என்றாள். ஏன் நான் என்றேன். “ஒங்க ரசத்தை அவரு சொல்லிச் சொல்லிக் காட்டித்தான் நான் கெழவியானேன். எப்படித்தான் இருக்கும்னு நானும் ஒருக்காப் பாத்துக்கறேன்.” அந்த ஆள் என் ரசத்தைப் பற்றிப் பேசினாராம். என் வீட்டில் இருந்தபோது தட்டை நகர்த்திவிட்டுப் போனவர். ஒருத்தி வீட்டில் உட்கார்ந்துகொண்டு இன்னொருத்தியின் ரசத்தை நினைக்கிற ஆளை என்னவென்று சொல்வது. இருந்தாலும் மிளகு இடிக்கும்போது கொஞ்சம் கூடுதலாக இடித்தேன். அவள் வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்து என் பக்கம் பார்க்காமல் பேசினாள். நெஞ்சு வலி என்று சொன்ன ஆள் காபி கேனை இறக்கி வைத்துவிட்டுத்தான் விழுந்தாராம், ஒரு சொட்டுச் சிந்தவில்லையாம். கொள்ளி வைக்க யார் என்று கேட்டபோது மார்க்கெட்டில் ஆளாளுக்குப் பார்த்துக்கொண்டார்களாம். மகன் இருக்கான்னு எனக்குத் தெரியும்க்கா, நான் வாயத் தொறந்து சொல்ல எனக்கு என்ன பாத்தியம். கடைசியில் மூட்டை தூக்குகிற ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நான் வைக்கிறேன் என்று வந்தாராம், அவருக்கு இவர் தினமும் ஒரு டம்ளர் காபி கூடுதலாக ஊற்றுவாராம். கருமாதிக்கும் அவர்தான் மொட்டை போட்டாராம். என் மகன் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தான். தலைக்கு டை அடித்திருப்பான், தங்கை கல்யாணத்திலிருந்து அதுதான் பழக்கம். யாரோ ஒருவர் முடியைக் கொடுக்கிறார், பெற்ற பிள்ளை சாயம் பூசிக்கொண்டு நிற்கிறான், தெரிந்த ஒரே ஒருத்தி ஹாஸ்டலில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். இது திரும்பி வராது. எதைத் திரும்பச் செய்தாலும் பதினாறாம் நாளைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பாப்பாத்தி அதைக் குத்திக்காட்டவில்லை. “முப்பதாம் நாள் வருதுங்க்கா. அன்னைக்காச்சும் தம்பியை அனுப்புங்க” என்றாள். அவ்வளவுதான். அவன் காரித் துப்பினாலும் துப்பட்டும், துப்புவதற்காவது அவனுக்குத் தெரிய வேண்டாமா.

ரசம் நுரைகட்டிவிட்டது, இறக்கிவிட்டேன். தாளிக்க வேண்டும். கரண்டியில் எண்ணெய் ஊற்றிவிட்டு நிற்கிறேன், கை அடுப்புக்குப் போக மாட்டேன் என்கிறது. அம்மை போட்டவள் இருக்கிற இடத்தில் தாளிக்கக்கூடாது, கடுகு வெடிக்கிற சத்தம் ஆத்தாளுக்கு ஆகாது. எனக்குத்தான் அம்மை இல்லையே. ஆனால் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேனே. தாளித்தால் பொய் சொன்னேன் என்று ஆகும், தாளிக்காவிட்டால் பொய்யை மெய்யாக்கி வீட்டுக்குள் கூப்பிட்டது போல ஆகும். ஒரு கரண்டி எண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பொம்பிளை இப்படி நிற்பாளா. அழகுராணி பார்த்தால் சிரிப்பாள். அழகுராணி என் மருமகள், மகன் தங்கப்பாண்டி பெண்டாட்டி. அவளிடம்தான் முதலில் சொன்னேன் அம்மை என்று. அவள் கெட்டிக்காரி. வந்த புதிதில் எனக்கு அவளிடம் பயம். நான் ஒரு பக்கமாக மெல்லுவதைப் பார்த்து, பல் வலியை நான் சொல்வதற்கு முன்னாலேயே கிராம்பு கொண்டுவந்து வைப்பாள். கேட்க மாட்டாள், பார்ப்பாள். அன்றைக்குப் போனில் அம்மை என்றதும், ஐயோ என்று சொல்லவில்லை. சும்மா இருந்தாள். அந்தச் சும்மா இருந்தது என் காதிலேயே நிற்கிறது. பின்னால் குக்கர் சத்தம் கேட்டது, தெருவில் கோலமாவுக்காரன் கத்திக்கொண்டு போனான், அவன் போகிற வரைக்கும் அவள் பேசவில்லை. அப்புறம், வேப்பிலை நல்லாக் கெடைக்குதா அத்தே என்று கேட்டாள். கெடைக்குது என்றேன். சரித்தே, இளநி குடிங்க என்று வைத்துவிட்டாள். அதில் என்ன இருந்தது. பாசமா. பாசம் இருந்தால் குரல் கொஞ்சம் மேலே போகும். அவள் குரல் கீழே போயிற்று. நான் வராதது அவளுக்கு நல்லதுதான் என்றுகூட நினைத்தேன், நாத்தனாருக்கு எண்ணெய் வைக்கிற முதல் கை அவள் கையாக இருக்குமே என்று. எவ்வளவு சின்னப் புத்தி எனக்கு.

போன் அடித்தது. கரண்டியை வைக்க இடம் இல்லாமல் அம்மி மேல் வைத்தேன், சாய்ந்து பாதி எண்ணெய் கொட்டிவிட்டது. தங்கப்பாண்டிதான். கிட்ட வந்து உக்காரு ராசா என்று வாயைத் திறந்தேன், அவன் விட்டால்தானே. மாப்பிள்ளை வந்தது, மோதிரம் விரலுக்குப் பத்தாமல் சுண்டு விரலில் போட்டது, முத்துச்செல்வி புதுப் பட்டில் சட்னி சிந்தியது, எல்லாவற்றையும் கொட்டினான். சந்தோஷமாகத்தான் இருக்கிறான். அப்புறம் மருமகளைப் பற்றிக் குறை. “ஒம் மருமக பண்ற கூத்தக் கேளும்மா. ஒனக்கு அம்மை போட்டிருக்காம், அதனால பெத்த மகன் நான் தலைக்கு எண்ணெ வைக்கக் கூடாதாம். எண்ணெச்சட்டியே ஏத்தல, பலகாரம் பூராம் அவுக அம்மா வீட்டுலருந்து வந்துச்சு. எடுத்த சட்டையையும் ஒளிச்சு வச்சிட்டா. மாப்ள எதிர்ல பழைய சட்டையோட நிக்கேன்.” நான் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். எங்கோ ஊரில் தாய்க்கு அம்மை போட்டால் இங்கே மகன் தலையில் எண்ணெய் வைக்கக்கூடாது என்று எந்த ஊரிலும் கிடையாது. எண்ணெய் இல்லை, சட்டி இல்லை, புதுத் துணி இல்லை. என் பிள்ளை தெரியாமலேயே அவன் அப்பனுக்குத் துக்கம் காத்துக்கொண்டு, அதைத் தெரியாமலேயே என்னிடம் சலித்துக்கொள்கிறான். தங்கச்சிக்கு யாருப்பா எண்ணெய் வச்சா என்று கேட்டேன். சம்பந்தியம்மாவக் கூப்பிட்டு வைக்கச் சொல்லிட்டா, தன் கையால வைக்க மாட்டேன்னுட்டா என்றான். பேசிக்கொண்டிருக்கும்போதே போன் கை மாறியது. செருப்புச் சத்தம், பின்கட்டுக் கதவு, துணி துவைக்கிற கல்லில் தண்ணீர் சொட்டுகிற சத்தம். தனியாக வந்துவிட்டாள்.

“அத்தே, நான் வாக்கப்பட்டு வந்த வருசம் ஒங்களுக்கு அம்மை போட்டப்ப வேப்பிலை வச்சுத் தடவுனது நாந்தான். அது ரெண்டாந்தரம் யாருக்கு வருது?”

எனக்கு மறந்தே போயிற்று. சத்தியமாக மறந்தே போயிற்று. புதுத் தாலி மஞ்சள் காயாத பிள்ளை ராத்திரியெல்லாம் என் முதுகில் வேப்பங்கொத்தை வைத்து வருடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதை மறந்துவிட்டு அவளிடமே அந்தப் பொய்யை விற்றிருக்கிறேன். என்னத்துக்கு மறைக்கிறீங்கன்னு ஒரு வாரமா மண்டையப் போட்டு ஒடைச்சேன் என்றாள். சாத்தூர் மார்க்கெட்டுக்கும் ஒட்டன்சத்திரத்துக் காய்தான் வருகிறதாம், போன வாரம் முருங்கைக்காய் வாங்கும்போது காய்க்காரர் அந்த ஆள் செத்துப்போனதைச் சொன்னாராம். ஹாஸ்டலுக்குப் போன் போட்டால், மகள் தலை தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்காங்களே என்றார்களாம். அப்படின்னா வேற எங்க போயிருப்பீக என்றாள். கேட்டது இல்லை, சொன்னது. அப்புறம் மெதுவாக, “அவுக சாப்பிட்டாகளா?” என்றாள். யாரைக் கேட்கிறாள் என்று எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. வாசற்படியில் பாப்பாத்தி முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், காது இந்தப் பக்கம்தான் இருக்கிறது. இனிமேத்தான் என்றேன். நீ ஏன் அவன்கிட்டச் சொல்லலை தாயி என்று கேட்டேன். “நான் சொன்னா அது செய்தித்தே. நீங்க சொன்னாத்தான் அவரு அழுவாரு.” இங்கே நான் தனியாகச் சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்க, அங்கே அவள் அடுப்பில் சட்டி ஏற்றாமல், புருஷனிடம் திட்டு வாங்கிக்கொண்டு, கூடவே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். சொன்னால் அவன் என்னை மன்னிப்பானா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. மன்னிக்கக்கூடாத பாதி ஒன்று எனக்குள் இருக்கிறது, அது அவளுக்கும் தெரியாது. அதையும் அவனிடம்தான் சொல்ல வேண்டும்.

முத்துச்செல்வியையும் மாப்பிள்ளையையும் மாட்டினி ஷோவுக்கு அனுப்பிவிட்டேன் என்றாள், சம்பந்தியம்மாவும் கிளம்பியாச்சு, இனிப் பொழுது சாய்கிற வரைக்கும் வீட்டில் யாரும் இல்லை என்றாள். போன் மறுபடி நடக்கிறது. பின்கட்டுக் கதவு, சொட்டுத் தண்ணீர் பின்னால் போகிறது, டி.வி.யில் யாரோ பட்டிமன்றத்தில் கை தட்டுகிறார்கள். நாற்காலியை இழுக்கிற சத்தம். “இப்படிக் கிட்ட வந்து உக்காருங்க. அத்தை ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்” என்று அவள் சொல்வது கேட்கிறது. என்னடி, மறுபடியும் என்ன என்று அவன் சிரிக்கிறான். கைதட்டல் பாதியில் நின்றது, டி.வி.யை அணைத்துவிட்டாள். அங்கே தெருவில் ஒரு சரம் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது, அவன் சொல்லும்மா என்றதுகூட அதில் சரியாகக் கேட்கவில்லை. அழகுராணி போய்த் தெருக்கதவைச் சாத்தினாள்.